திரவியத்தின் வீட்டில் இல்லாத இயந்திரம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு மழையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தோன்றவில்லை. ஒரு சர்க்கார் ஃபைலின் பதினோராம் பக்கத்தில் கிடைத்தது.

திருவனந்தபுரத்தில் துப்பாக்கி லைசென்ஸ் புதுப்பிக்கும் ஒரு செக்‌ஷனில் நான் கிளார்க். ஆபீசின் பெயர் வேண்டாம். அதற்கு ஏற்கெனவே இருக்கிற கெட்ட பெயர் போதும். சாயங்காலம் வலியசாலை வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றியதும் நான் எழுத்தாளன். புனைபெயர் 'கரமனை நதிநேசன்'. சிரிக்க வேண்டாம், இருபத்தெட்டு வயதில் வைத்துக்கொண்டது. இந்த நகரத்தில் தமிழ்க் கதை படிக்கிறவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். அதில் முப்பது பேர் தாங்களே கதை எழுதுகிறவர்கள் என்பதால், அடுத்தவன் எழுதியதைப் படிக்க அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை.

அந்த ஃபைல் திரவியம் என்பவருடையது. வயது ஐம்பத்தாறு. தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கத் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் மகன். இப்போது விதுராவுக்கு மேலே, பொன்முடி போகிற ரோட்டில், நாற்பது சென்ட் நிலத்தில் மரச்சீனிக் கிழங்கு போட்டிருக்கிறார். காட்டுப்பன்றி தொல்லைக்காக இருபத்திரண்டு வருஷமாக லைசென்ஸ் வைத்திருக்கிறார். பயிரை அழிக்கிற பன்றியைச் சுடுவதற்கு லைசென்ஸ்காரர்களின் பட்டியல் ஒன்றைப் பஞ்சாயத்து வைத்திருக்கிறது, அதில் அவர் பெயரும் உண்டு. பதினோராம் பக்கத்தில் அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: இந்த வருஷத்துக்கு அனுமதித்த தோட்டா தீர்ந்துவிட்டது, கையில் துப்பாக்கி இருந்தும் பிரயோஜனம் இல்லை, தயவுசெய்து கூடுதல் தோட்டாவுக்கு அனுமதி வேண்டும்.

'விதியில் இடமில்லை' என்று குறிப்பு எழுதி ஃபைலை மேலே அனுப்பினேன். விதியில் இடம் இருக்கிறதா என்று புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய் இதைக் கதையாக எழுத வேண்டும் என்ற அவசரம்.

2

(கதையின் தொடக்கங்கள். திரவியத்துக்கு இதில் பெயர் குற்றாலலிங்கம். எல்லாம் நோட்டில் அப்படியே இருக்கின்றன.)

'மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தபோது குற்றாலலிங்கம்—'

[விட்டேன். பனி இறங்குவதில் தொடங்கும் என் கதைகள் ஏற்கெனவே ஆறு உண்டு.]

'பன்றி வந்தது. தோட்டா இல்லை. குற்றாலலிங்கம் யோசித்தான்.'

[தந்தி மாதிரி இருக்கிறது.]

'குற்றாலலிங்கம் கைப்பிடியை ஒருமுறை இறக்கினான். புதுத் தோட்டா ஒன்று தட்டில் விழுந்தது.'

ஆகா! இதுதான். எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். கைப்பிடி எதனுடையது, தட்டு எது, தோட்டா எப்படி விழும் என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் வாக்கியம் நன்றாக இருந்தது. என் வாழ்க்கையின் பெரும்பாலான கஷ்டங்கள் நன்றாக அமைந்த வாக்கியங்களால் வந்தவை.

3

ஆக, என் கதாபாத்திரத்துக்கு ஓர் இயந்திரம் தேவைப்பட்டது. கூகுளில் தேடினேன். சுட்டு முடிந்த காலித் தோட்டாவில் மறுபடி வெடிமருந்து நிரப்பி, புதுத் தோட்டாவாக்கும் கருவியை அமெரிக்காவில் வீட்டு ஷெட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். நம்மூரில் அனுமதி இல்லாமல் அதைச் செய்தால் நேரே உள்ளேதான். அங்கே தாடி வைத்த பெரியவர்கள் தோசை சுட்டுக் காட்டுகிற நிதானத்தோடு அதை வீடியோவில் செய்துகாட்டுகிறார்கள்.

அதில் உயர்ந்த ரகத்துக்குப் பெயர் புரோகிரஸிவ் பிரஸ். சாதாரணக் கருவியில் ஒருமுறை கைப்பிடியை இறக்கினால் ஒரு வேலைதான் நடக்கும். எங்கள் வீட்டுச் சேவை நாழி மாதிரி. புரோகிரஸிவில் வட்டமான தட்டைச் சுற்றி நான்கு நிலை, ஐந்து நிலை என்று இருக்கும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் எல்லா நிலையிலும் ஒரே சமயத்தில் வேலை நடந்து, கடைசியில் ஒரு தோட்டா முழுசாக வெளியே வரும். நான்கு நிலையா, ஐந்தா? தட்டு தானாகச் சுற்றுவதா, கையால் சுற்றுவதா? காலித் தோட்டாவை ஒவ்வொன்றாக நாம் வைப்பதா, மேலே கொட்டிவிட்டால் அதுவே இறங்குவதா?

வாசகரே, எனக்குப் பெண் பார்த்தபோதுகூட என் வீட்டில் இவ்வளவு விசாரிக்கவில்லை. இரண்டரை மாதம் படித்தேன். நோட்டில் கட்டம் போட்டு ஒப்பிட்டேன். கடைசியில் ஐந்து நிலை, தானாகச் சுற்றுவது, நீல நிறம் என்று முடிவானது. ஐந்தாம் நிலையில் ஒரு மணி பொருத்தலாம். மருந்து குறைந்தாலோ கூடினாலோ அது அடிக்கும். அந்த மணிக்காகவே ஐந்து. கதையில் ஒரு மணி அடித்தால் விமர்சகர்கள் எதையாவது கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

என் மனைவி சுப்புலக்ஷ்மி ஒருநாள் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள்.

"என்னன்னா இது? அத்தனையும் தோட்டாவா?"

"கதைக்கு."

"ப்ரெஷர் குக்கர் விசிலடிச்சா அடுப்பண்டை வரமாட்டேள். தீபாவளிக்குச் சாட்டை கொளுத்தறதுக்கே ஒரு முழ ஊதுவத்தி வேணும் ஒங்களுக்கு. இதுல தோட்டாவா?"

"கலைக்கு அனுபவம் அவசியமில்லை, சுப்பு."

"ஆமாமா. காய் வாங்கறதுக்கும் அப்படித்தான் சொல்றேள். முத்தின வெண்டைக்காயா வந்து நிக்கறது."

[இந்த உரையாடல் கதைக்குத் தேவையில்லை என்று முதல் பிரதியில் நீக்கியிருந்தேன். அவள் படித்துவிட்டு மறுபடி சேர்க்கச் சொன்னாள்.]

4

கதை அச்சானது. எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டு மலரில், ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்துக்கும் ஒரு கல்யாண மண்டப விளம்பரத்துக்கும் நடுவில்.

கதைச் சுருக்கம்: குற்றாலலிங்கத்தின் மனைவியைக் காட்டுப்பன்றி முட்டிக் கொன்றுவிடுகிறது. தோட்டா தீர்ந்துவிட்டது. சர்க்கார் தரவில்லை. அவன் ரகசியமாக ஒன்பது எம்எம் தோட்டா செய்கிற ஒரு புரோகிரஸிவ் பிரஸ் வரவழைத்து, பின்கட்டில் வைத்து, துக்கத்தோடு கைப்பிடியை இறக்கிக்கொண்டே இருக்கிறான். ஐந்து பக்கத்துக்கு இறக்குகிறான்.

பெயரை மாற்றினேன். மற்றதை மாற்றச் சோம்பல். மூன்றாவது கொண்டை ஊசி வளைவு தாண்டி இடப்பக்கம், கல் படி பதினான்கு, கிணற்றடியில் ஒட்டுப்பலா என்று ஃபைலில் இருந்த வீட்டு வரைபடத்தை அப்படியே எடுத்து வைத்தேன். அனுமதித்த தோட்டா எத்தனை என்ற எண்ணைக்கூட மாற்றவில்லை. யதார்த்தம் என்று நினைத்துக்கொண்டேன். கிளார்க் எழுதுகிற கதையில் இலக்கங்கள் சரியாக இருக்கும், அவ்வளவுதான்.

5

நான்கு வாரம் கழித்து என் மேஜைக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. மலையாளத்தில். இன்ன ஊர்த் திரவியம் வீட்டில் தோட்டா செய்யும் இயந்திரம் வைத்திருக்கிறார், ஆதாரம் இணைத்திருக்கிறேன் என்று இருந்தது. ஆதாரத்தைப் புரட்டினேன். ஜவுளிக்கடை விளம்பரம். அடுத்த பக்கம், என் கதை.

சிவப்புப் பேனாவால் வரிக்கு வரி அடிக்கோடு. பதினான்கு படிக்குப் பக்கத்தில் 'சரி' என்று டிக். ஒட்டுப்பலாவுக்கு டிக். மனைவி சாகிற இடத்தில், தமிழிலேயே, 'பொய். அந்த அம்மாள் நன்றாக இருக்கிறாள்.' அடுத்த பக்கத்தில் இயந்திரம் வருகிற இடத்தில் இரட்டைக் கோடு போட்டு, 'இது கவனிக்கத்தக்கது.'

என்ன சொல்ல! இத்தனை வருஷத்தில் இவ்வளவு அக்கறையாக என்னை யாரும் படித்ததில்லை. நான் உருகி உருகி எழுதிய மரணத்தை அவர் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. எங்கோ பார்த்துக் காப்பியடித்த இயந்திரத்தை முழுசாக நம்பிவிட்டார். எனக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம். வெட்கக்கேடு, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

சந்தோஷம் மத்தியானம் வரைக்கும்தான். கடிதத்தின் நகல் போலீசுக்கும் போயிருந்தது. திரவியம் வீட்டைச் சோதனை போட்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்தாலும் விசாரணை முடிகிறவரை துப்பாக்கி ஸ்டேஷனில், லைசென்ஸ் நிறுத்திவைப்பு.

எங்கள் ஆபீசர் பத்மஜா மேடம் ஃபைலில் எழுதியது: 'கதையில் உள்ள தோட்டா எண்ணிக்கை நம் பதிவேட்டோடு ஒத்துப்போகிறது. கதாசிரியர் யார்? ஒரு வாரத்தில் கண்டுபிடித்துத் தெரிவிக்கவும்.' மேடம் செங்கோட்டையில் பள்ளிக்கூடம் படித்தவர். தமிழ் படிப்பார், ஆனால் கதையெல்லாம் படிக்கிற ரகமாகத் தெரியவில்லை.

[மேடம், இந்த வரிக்கு மன்னிக்கவும். எழுதும்போது நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. வரியை அடித்துவிடலாம்தான். ஆனால் இந்த விஷயத்தில் இனிமேல் எதையும் அடிப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.]

உத்தரவு யாருக்கு வந்தது? செக்‌ஷன் கிளார்க்குக்கு. என்னைக் கண்டுபிடிக்கச் சொல்லி எனக்கே.

6

சனிக்கிழமை பஸ் ஏறினேன். பதினான்கு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. கதையில் குற்றாலலிங்கத்தை அதில் ஓட வைத்திருந்தேன்.

"வாங்க சாரே, இரிங்க," என்றார் திரவியம். "ஆபீஸ்ல இருந்து மல கேறி வந்திருக்கிய. எந்தா காரியம்? நல்ல சேதியா?"

அவருடைய மனைவி உலகம்மாள் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் சேதியைச் சொல்லாமல் கதையைப் படித்துக்காட்டினேன். திரவியம் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து வராது. முதலில் சாதாரணமாகக் கேட்டார். இயந்திரம் வந்ததும் கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க. எத்தன எம்எம்னு சொன்னிய?"

"ஒன்பது."

"ஒம்பதா!" அவர் சிரித்த சிரிப்பில் கோழி ரெண்டு ஓடியது. "அது போலீசு பட்டாளக்காரங்க தோட்டால்லா சாரே. எனக்க துப்பாக்கி ட்வெல்வ் போரு. தோட்டா தள்ளவிரல் தடிமன் இருக்கும்." கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். " அந்த மிஷின்ல இத வெக்கிறது இட்லிக் குழியில பலாப்பழத்த வெக்கிற மாதிரியாக்கும். இதுக்கு வேற மிஷின் கேட்டோ. இத எழுதினவன் துப்பாக்கியக் கண்ணாலயே கண்டிருக்க மாட்டான்."

தினமும் இருபது தடவை 'ட்வெல்வ் போர்' என்று டைப் அடிக்கிறவன் நான். இரண்டரை மாதம் இயந்திரம் தேர்ந்தெடுத்த நேரத்தில், அது எந்தத் துப்பாக்கிக்கு என்று ஒரு தடவை யோசிக்கவில்லை.

"எழுதினவன் நான்தான்," என்றேன்.

சிரிப்பு நின்றது. அவர் என் முகத்தையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களா? எம்மேல என்ன விரோதம் சாரே?"

"விரோதமே இல்லை. எனக்கு ஒரு கதை வேண்டியிருந்தது."

"எனக்குத் தோட்டா வேண்டியிருந்துச்சு," என்றார். "அதுக்கு நீங்க இல்லன்னு எழுதினிய."

இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுத மூன்று தடவை முயன்றேன். 'அப்போது நான்—' என்று ஒன்று. 'மன்னிப்பு என்பது—' என்று ஒன்று. உண்மையில் நடந்தது இதுதான்: கட்டன்சாயா வந்தது, அதை வாங்கிக்கொண்டேன்.

"நான் செத்துப்போயிட்டேன்னா எழுதிருக்கியரு?" என்றார் உலகம்மாள். "செத்தவ கையால சாயா குடிக்கியரே, பயமில்லையா? போலீசு வந்து இடியாப்ப நாழிய அர மணிக்கூறு திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. வெக்கத்துல எனக்குத் தொலி உரிஞ்சு போச்சு."

திரவியம் மரச்சீனிப் பக்கம் கையைக் காட்டினார். பாதி நிலம் பன்றி கிளறி, உழுதுபோட்ட மாதிரி கிடந்தது.

"அது போட்டும் சாரே, அடுத்த மழைக்கு நட்டுக்கலாம். நான் கூலிக்காரங்க லயத்துல பொறந்தவன். எஸ்டேட்டுல எங்கப்பனுக்கு ஒரு நம்பருதான், பேரு கெடையாது. எனக்க வாசல்ல பஞ்சாயத்து ஜீப்பு வந்து நிக்கும். 'திரவியம் சேட்டா, ஒண்ணு வரணும்'னு பிரசிடெண்டு விளிப்பாரு. சின்னப் பிள்ளைங்க ஸ்கூளுக்குப் போற வழியில பன்னி நிக்குதுன்னா என்னையாக்கும் தேடுவாங்க. இப்பம் வந்து நின்னது போலீசு ஜீப்பு. முப்பதாந்தேதி பஞ்சாயத்துல புதுப் பட்டியல் போடுதாங்க. அன்னைக்கு லைசென்ஸ் கையில இல்லன்னா பேர வெட்டிருவாங்க. வெட்டினா வெட்டினதுதான்."

7

திங்கட்கிழமை கெட்டிக்காரத்தனமாக ஒரு குறிப்பு எழுதினேன். 'இணைப்பில் வர்ணிக்கப்பட்டுள்ள இயந்திரம் மனுதாரரின் ட்வெல்வ் போர் துப்பாக்கிக்குப் பொருந்தாது. எனவே குற்றச்சாட்டு நிலைக்காது.' கதாசிரியரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திரவியமும் தப்புவார், நானும் தப்புவேன்.

ஃபைல் அன்றே திரும்பி வந்தது. ஓரத்தில் மேடத்தின் கையெழுத்து: 'இந்த விவரம் உமக்கு எப்படித் தெரியும்? கதாசிரியர் எங்கே?'

எப்படித் தெரியும் என்றா? ஐந்து நிலை, நீல நிறம், மணி, எல்லாம் தெரியும் மேடம். தெரிய வேண்டிய ஒன்றைத் தவிர.

8

முடிவுகள்.

(அ) 'புனைபெயர் என்பதால் கதாசிரியரைக் கண்டுபிடிக்க இயலவில்லை.' இந்த வாக்கியத்தை எழுதி மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். குறை சொல்ல முடியாத வாக்கியம். அது மேலே போனால் விசாரணை நீளும், முப்பதாம் தேதி கடந்துபோகும், நான் அடுத்த கதை எழுதலாம்.

(ஆ) மொட்டைக் கடிதக்காரர் மனம் திருந்தி ஆபீசுக்கு வந்து அழுகிறார். இதை இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். என் கதைகளில் எல்லோரும் கடைசியில் திருந்திவிடுகிறார்கள். அவர் திருந்துவதில் எனக்கு விருப்பமும் இல்லை. இருக்கிற ஒரு வாசகரும் போய்விடுவார்.

(இ) கிளார்க் ஒப்புக்கொள்கிறான். மெமோ, விசாரணை, சஸ்பென்ஷன். ஃபைலில் இருந்ததை வெளியே விட்டது சின்னக் குற்றமில்லை. எனக்கு சர்வீஸ் இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது. இதைச் சுப்புலக்ஷ்மியிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். கதையில் என்றால் அழவைத்திருப்பேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒப்புத்துக்கோங்கோ. மெமோ வந்தா வரட்டும். ஆத்துல இருந்து இன்னும் நெறைய எழுதுவேள், அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு. அந்த மனுஷன் வாசல்ல போலீஸ் வந்து நின்னுடுத்தேன்னு நேக்கு சாதம் எறங்கல்லே."

9

ஆகவே, மேடம்.

இதுவரை வாசகரே என்று பொதுவாக யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்படி யாரும் இல்லை. இதை எந்த மலருக்கும் அனுப்பவில்லை. திரவியத்தின் ஃபைலில், அந்தக் கதைக்கு அடுத்த இணைப்பாக வைக்கிறேன். ஒரு கதையை ஆதாரம் என்று எடுத்துக்கொண்ட ஃபைலில் இன்னொரு கதைக்கும் இடம் இருக்க வேண்டும். ஆபீஸ் மொழியில் ஒரு பக்க விளக்கம் எழுதினால் போதாதா என்று கேட்பீர்கள். எழுதிப் பார்த்தேன். அதில் நான் மிகவும் நல்லவனாகத் தெரிந்தேன்.

இயந்திரம் என்னுடையது. மரணம் என்னுடையது. படி, பலாமரம், தோட்டா எண்ணிக்கை மூன்றும் உங்கள் ஃபைலிலிருந்து நான் எடுத்தவை. திரவியம் செய்ததாக அந்தக் கதையில் வருகிற எதையும் திரவியம் செய்யவில்லை. அவர் செய்தது ஒரு விண்ணப்பம் எழுதியது மட்டும். விதிப் புத்தகத்தை இன்று காலையில்தான் திறந்தேன். காரணம் காட்டினால் கூடுதல் தோட்டாவுக்கு இடமிருக்கிறது. அந்தப் பக்கத்தில் காகிதம் செருகியிருக்கிறேன்.

முடிவை நான் எழுதப்போவதில்லை. இதில் இலக்கிய உத்தி எதுவும் இல்லை. முடிவு எழுதுகிற அதிகாரம் எனக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. என்னை என்ன செய்வது என்று ஆற அமர யோசியுங்கள். நான் எங்கும் ஓடமாட்டேன், பத்து மணிக்கு சீட்டில் இருப்பேன். அவருடையதை மட்டும் முதலில் எடுங்கள். இன்று தேதி இருபத்தேழு.

உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

சேஷன்
செக்‌ஷன் கிளார்க்

உத்தரவு: